மூன்று நாள் மழைக்குப் பிறகு பீக்காக் பாஸ் மீன் வாயே திறக்கவில்லை, உயிர் இறால் போட்டும்!

ரவாங் தூண்டில் | ஞாயிறு இரவு 9:40

வணக்கம் மக்களே. இன்று முழுக்க வெயிலில் காய்ந்து, மூக்குத் தோல் உரிந்து, கையில் ஒரு செதில்கூட ஒட்டாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். கேட்காமல் தூக்கம் வராது, அதனால் கேட்கிறேன்.

இடம்: சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு பழைய ஈயக்குட்டை, அதாவது மூடிய வெள்ளீயச் சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளம். எது என்று கேட்காதீர்கள். போன தடவை ஒருவருக்குச் சொன்னேன், மறுவாரம் பதினாறு மோட்டார் சைக்கிள் நின்றது.

இரண்டு வாரத்துக்கு முன்பு அதே இடத்தில் இரண்டு மணி நேரத்தில் ஏழு பீக்காக் பாஸ். சின்ன ஸ்பூன் கெவாங் (உலோகப் போலி இரை) மட்டும்தான். எறிந்த இடத்திலெல்லாம் துரத்திக்கொண்டு வந்தன. அப்புறம் இந்த வாரம் புதன் தொடங்கி வெள்ளி இரவு வரைக்கும் மழை. நம் ஊர் வழக்கமான மாலை இடிமழை இல்லை. நாள் முழுக்கச் சாம்பல் வானம், நசநசவென்று தூறல், நடுவே ஒரு கொட்டு. வீட்டில் காற்றாடியை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்திக்கொண்டோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சனி கொஞ்சம் விட்டது. ஞாயிறு காலை பளிச்சென்று நீல வானம், ஒரு மேகம் இல்லை, சில்லென்று காற்று. மூன்று நாள் பட்டினி கிடந்த மீன், இன்றைக்கு விருந்துதான் என்று நினைத்தேன்.

கெவாங் எதற்கு, உயிர் இரையே கொண்டுபோவோம் என்று வழியில் ஒரு தூண்டில் கடையில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) உயிர் இறால் வாங்கினேன். எட்டு மணிக்குப் போட ஆரம்பித்தேன். ஒரு மணி வரைக்கும் மிதவை அசையவே இல்லை. இறால் போட்டபடியே திரும்பி வந்தது. கடிபட்ட தடம்கூட இல்லை. எதிர்க்கரையில் ஒரு சீன அங்கிள் மட்டும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பும் நேரம் பார்த்து ஒன்றை ஏற்றினார். காரின் பின்கதவை மூடுவதற்குள் இன்னொன்று.

பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டிப்போயிருந்தேன். பதினொரு வயது. பத்து மணிவாக்கில் அவள் கேட்டாள்: "அப்பா, இங்கே மீன் இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" பதில் சொல்லத் தெரியாமல் மைலோ பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

ஜோரான் (தூண்டில் கம்பு) 6 அடி 6 அங்குலம், மெஷின் (நூல் சுற்றும் உருளை) 2500, பின்னல் நூல் 15 பவுண்டு, மிதவைக்குக் கீழே ஒரு மீட்டர் விட்டேன். தப்பு எங்கே? மழைக்கு அப்புறம் மீன் எங்கே போகிறது?

---

செந்தூல் சிங்கம் | ஞாயிறு இரவு 10:02

மீனுக்கும் ஞாயிறு லீவு அண்ணே.

சரி, விளையாட்டுக்குச் சொன்னேன். எனக்கும் போன நவம்பரில் இதே கதைதான். ஆனால் நான் மூன்று நாள் மழை என்றாலே தூண்டிலை எடுப்பதில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடிப்பேன். கம்பார் மாமா இன்னும் தூங்கியிருக்க மாட்டார், வருவார் பாருங்கள்.

---

கம்பார் மாமா | ஞாயிறு இரவு 11:15

வந்துவிட்டேன்.

தம்பி, மீன் எங்கேயும் போகவில்லை. குட்டைக்குக் கதவா இருக்கிறது? மழைக்கு முன்னால் எங்கே இருந்ததோ அதற்கு ஐந்தாறு மீட்டருக்குள்தான் இருந்திருக்கும். துரத்துவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளக் குட்டையின் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் பேராக்கில், ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன கம்பாரில் பிறந்தவன். அப்பா பாலோங்கில் வேலை செய்தார். பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றை மேலே ஏற்றி, மரத் தொட்டியில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரிப்பார்கள். அந்தத் தொட்டிதான் பாலோங். மண்ணைக் கரைத்துக்கொண்டே கீழே போவதால் பள்ளம் செங்குத்தாக இருக்கும். 1985இல் ஈய விலை விழுந்தது. ஒவ்வொரு சுரங்கமாக மூடினார்கள். பம்பை நிறுத்தினால் தண்ணீர் தானாக ஏறிக்கொள்ளும். நாம் இன்று தூண்டில் போடும் குட்டை பெரும்பாலும் இப்படி வந்ததுதான். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் முழங்கால். மூன்றாவது எட்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆற்றுக் கரை, ஏரிக் கரை போலச் சரிந்து போகாது, படி போல விழும். பீக்காக் பாஸ் அந்தப் படியின் விளிம்பை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறது.

வெயில் நாளில் விளிம்புக்கு மேலே ஏறி மேயும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் அது. பகலில்தான் தின்னும், இரவில் சும்மா கிடக்கும். அதற்கு வெளிச்சமும் வேண்டும், தெளிந்த தண்ணீரும் வேண்டும். மூன்று நாள் மழையில் இரண்டுமே போய்விட்டது. கரை மண் கரைந்து இறங்கித் தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி ஆகிவிடும். அதோடு மழைத்தண்ணீர் குளிர்ச்சி. குளிர்ந்த தண்ணீர் கனம், கீழே இறங்கும். மேல் தண்ணீரும் அடித்தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்கும். அடியில் பிராணவாயு குறைவு. வெயில் இல்லாத நாளில் பாசியும் புதிதாக அவ்வளவு தயாரிப்பதில்லை. ஆக மீனுக்கு மூச்சும் கொஞ்சம் கனக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் அது எழுந்து ஓடி ஒரு ஸ்பூனைத் துரத்துமா? விளிம்புக்குக் கீழே, ஏதாவது முழுகிய மரத்தை ஒட்டி, வாயை மூடிக்கொண்டு நிற்கும்.

மீன் தொட்டியில் வைக்கும் வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி எப்போதும் என் பையில் வைத்திருக்கிறேன், மூன்று வெள்ளிச் சாமான். என் பூச்சோங் குட்டையில் வெயில் நாள் மதியம் மேல் தண்ணீர் 31 பாகை செல்சியஸ் காட்டும். இப்படித் தொடர்மழை பெய்து முடிந்த காலையில் 27. நமக்கு நான்கு பாகை ஒன்றும் இல்லை. உடம்புச் சூடே தண்ணீர்ச் சூடாக இருக்கிற பிராணிக்கு அது பெரிய விஷயம்.

நீங்கள் செய்த முதல் தப்பு நேரம். வழக்கமான நாளில் காலை எட்டு சரி. மழைக்கு அடுத்த தெளிந்த நாளில் காலைதான் இருப்பதிலேயே மோசம். இரவெல்லாம் மேகமில்லாத வானத்துக்குக் கீழே தண்ணீர் இன்னும் ஆறியிருக்கும். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் ஒரு மணிக்கு மேல். நீங்கள் கிளம்பினீர்களே, அந்த நேரத்தில்தான் நான் வீட்டிலிருந்து புறப்படுவேன். எதிர்க்கரை அங்கிளுக்கு மீன் ஏறியது எத்தனை மணிக்கு? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது தப்பு ஆழம். ஒரு மீட்டர் போதாது. படி விளிம்பு எத்தனை மீட்டரில் விழுகிறது என்று வெறும் ஈயக்குண்டைக் கட்டிப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மூன்று மீட்டர் விட வேண்டியிருக்கும்.

ஆனால் இது இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ இருக்கிறது. உயிர் இறால் முகத்துக்கு முன்னால் துடித்தால் ஐந்து மணி நேரத்தில் ஒரு திலாப்பியாவாவது, ஒரு குட்டி மீனாவது வந்து கொத்தும். இறாலில் தடமே இல்லை என்கிறீர்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. இறாலை எதில் வைத்திருந்தீர்கள்? என்ன தண்ணீர்? கடைசியாக எடுக்கும்போது அது என்ன நிறத்தில் இருந்தது?

---

ரவாங் தூண்டில் | திங்கள் காலை 7:05

மாமா, வேலைக்குப் போகிற வழியில் எழுதுகிறேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் காற்று அடைத்துக் கொடுத்தார். குட்டைக்குப் போனதும் வாளியில் ஊற்றினேன். பையில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது, அதனால் வீட்டிலிருந்து கொண்டுபோன பைப்புத் தண்ணீர் இரண்டு பாட்டில் சேர்த்தேன். சூடு ஏறிவிடக் கூடாது என்று ஐஸ் கட்டியும் போட்டேன். ஆரம்பத்தில் கண்ணாடி போல இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் வெள்ளையாகத் தெரிந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. மகள்தான் "வேக வைத்த மாதிரி இருக்கிறது" என்றாள்.

---

கம்பார் மாமா | திங்கள் காலை 10:30

மகளிடம் ஜோரானைக் கொடுத்துவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள்.

தம்பி, நீங்கள் நான்கு மணி நேரம் செத்த இறாலைத்தான் குளிப்பாட்டியிருக்கிறீர்கள். இறாலின் சதை கண்ணாடி மாதிரி இருக்கும்வரைதான் அதற்கு உயிர். வெள்ளை ஏறினால் முடிந்தது. அதை மூன்று வழியில் கொன்றிருக்கிறீர்கள். பைப்புத் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, நமக்குக் குடிக்க நல்லது, வாளிக்குள் இருக்கிற இறாலுக்கு விஷம். ஐஸ், திடீர்க் குளிர். இது இரண்டையும்விடப் பெரியது: கோல சிலாங்கூர் சாலைப் பக்கம் கடை என்றால் அங்கே பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் இறால் விற்பார்கள். அது உப்புத் தண்ணீர் இறால். பையில் இருந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா? அடுத்த முறை பாருங்கள். உப்புக் கரித்தால் அந்த இறால் நன்னீரில் துடிக்காது, விறைத்துப்போகும்.

செத்த இறாலைக் கெளுத்தி தின்னும். கலங்கிய தண்ணீரில் சோம்பிக் கிடக்கிற பீக்காக் பாஸ் பார்க்கக்கூடப் பார்க்காது. துடிப்பு வேண்டும் அதற்கு.

எனக்கு இறாலைவிடச் சின்ன மீன்தான் பிடிக்கும். அதே குட்டையில் கரையோரம் புல்லடியில் குட்டித் திலாப்பியா கூட்டமாக நிற்கும். ரொட்டித் துணுக்கை ஊறவைத்துப் போட்டுச் சின்ன வலையில் அள்ளிவிடலாம். உங்கள் நடுவிரல் நீளம் இருந்தால் போதும். அதே குட்டையின் மீன், அதே குட்டையின் தண்ணீர். வாளியில் பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று, கடையில் 20 வெள்ளிக்குள் கிடைக்கும். மூடியைத் திறந்தே வைத்து நிழலில் வையுங்கள். மணிக்கு ஒரு தடவை பாதித் தண்ணீரைக் குட்டைத் தண்ணீராக மாற்றுங்கள். வாளியில் பத்துக்கு மேல் போடாதீர்கள். இருபது போட்டால் இருபதும் சாகும், பத்து போட்டால் பத்தும் மதியம்வரை இருக்கும்.

முள்ளில் குத்துவதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் வழவழப்பு கையோடு வந்துவிடும், அப்புறம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. இடது கையில் வயிறு அடங்கும்படி, கசக்காமல் பிடியுங்கள். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டுக்கு மேலே, தோலையும் அதற்கடியில் ஒரு நூல் அளவு சதையையும் மட்டும் முள் கடக்க வேண்டும். நடு எலும்பில் படக் கூடாது. பட்டால் கையிலேயே தெரியும், ஒரு நொடி விறைத்து வால் நின்றுவிடும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். சரியாகக் குத்தினால் தண்ணீரில் விட்டதும் தலையைக் கீழே சாய்த்து ஆழத்துக்கு ஓடப் பார்க்கும். அதுதான் நமக்கு வேண்டியது, ஈயம் தேவையே இல்லை. உதட்டில் குத்துவதும் உண்டு, அது இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு. ஒரே இடத்தில் நிற்கவைக்க முதுகுதான்.

முள் 1 எண் போதும், மெல்லிய கம்பி. தடித்த முள் போட்டால் சின்ன மீன் அதன் கனத்திலேயே களைத்துவிடும். பின்னல் நூலின் நுனியில் 20 பவுண்டு ஃபுளோரோ (ஃபுளோரோகார்பன் நூல்) ஒன்றரை முழம். பீக்காக் பாஸுக்கு அறுக்கிற பல் இல்லை. அது மரத்துக்குள் ஓடும்போது உராய்வதற்காகத்தான் இது.

இன்னொன்று. மீதி இரையை அடுத்த குட்டையில், ஆற்றில் கொட்டாதீர்கள். திலாப்பியாவும் வெளியூர் மீன், பீக்காக் பாஸும் வெளியூர் மீன். பீக்காக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வாளியோடு வாளியாகத்தான் இது ஊர் ஊராகப் பரவியது. நான் சின்ன வயதில் கம்பார்க் குட்டைகளில் பிடித்த சேவல் மீனும் சின்னக் கெண்டைகளும் இப்போது எங்கே? இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், நிறுத்திக்கொள்கிறேன்.

---

செந்தூல் சிங்கம் | திங்கள் மதியம் 1:20

மாமா, எல்லாம் சரி. ஆனால் காற்றழுத்தத்தை விட்டுவிட்டீர்களே? யூடியூப்பில் எல்லா வெள்ளைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். குளிர் அலை போனதும் அழுத்தம் ஏறும், மீனின் காற்றுப்பையை அமுக்கும், அதனால் வாய் திறக்காது என்று.

---

பட்டர்வொர்த் பாலா | திங்கள் இரவு 8:45

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். நான் புளோரிடாவில், ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில், ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே பாஸ் என்றால் லார்ஜ்மௌத் பாஸ். பெயர்தான் ஒன்று, நம் பீக்காக் பாஸுக்கு அது சொந்தமே இல்லை. நம்முடையது திலாப்பியாவின் குடும்பம்.

அங்கே குளிர் முகப்பு, அதாவது குளிர்காற்று முன்னேறி வருவது, கண்ணால் பார்க்கிற சங்கதி. முதல் நாள் தெற்குக் காற்று, வெதுவெதுப்பு, மேகம். மீன் வெறிபிடித்துத் தின்னும். இரவில் இடியோடு ஒரு வரிசை மழை கடக்கும். மறுநாள் காலை காற்று வடமேற்கிலிருந்து வீசும், வானம் அப்படி ஒரு நீலம், நீங்கள் ஞாயிறு பார்த்தீர்களே அதேபோல, நாம் சுவெட்டருக்குள். ஓரிரு நாளில் ஏரித் தண்ணீர் நான்கைந்து பாகை இறங்கிவிடும். லார்ஜ்மௌத் பாஸ் அடர்ந்த பாசிக்குள், அல்லி இலைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அப்போது அங்கே உள்ளவர்கள் கையில் எடுப்பது கோல்டன் ஷைனர் என்ற உயிர் மீன். ஒரு சாண்கூட இருக்கும், டஜன் கணக்கில் விற்பார்கள். ஈயம் இல்லாமல், பாசி விரிப்பின் ஓரத்தில் விட்டு, அதுவாக உள்ளே நீந்திப் போகும்படி நூலைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாமா சொல்வதும் அதேதான்: அது நம்மிடம் வராது, இரையை நாம் அதன் வீட்டுக்குள் அனுப்ப வேண்டும்.

இப்போது அழுத்தம். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. கணக்கைப் பாருங்கள். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறுவதும் மீன் தண்ணீருக்குள் 1 சென்டிமீட்டர் கீழே இறங்குவதும் ஏறத்தாழ ஒன்றுதான். பலமான முகப்பு ஒன்று 20 ஏற்றிவிட்டது என்றே வையுங்கள். மீன் ஒரு சாண் மேலே ஏறினால் கணக்கு சரியாகிவிட்டது. தினமும் மூன்று மீட்டர் மேலும் கீழும் போய்வருகிற மீனுக்கு ஒரு சாண் என்ன பெரிய பாரம்? அதுவும் கே.எல்.லில் பெரிய ஏற்றமே கிடையாது. தினமும் காலை 11 வாக்கில் ஏறி மாலை 5 வாக்கில் இறங்கும், அது மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல்தான். மழை வந்தாலும் வராவிட்டாலும் அப்படித்தான். குளிர், கலங்கல், வெளிச்சம் இந்த மூன்றையும் அழுத்தத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அது ஃபோனில் எண்ணாகத் தெரிகிறது.

இருந்தாலும் நம் ஊர் மழைக்கும் அந்தக் குளிர் முகப்புக்கும் தூரத்து உறவு உண்டு. டிசம்பர் ஜனவரியில் சைபீரியா, மங்கோலியா பக்கம் சேரும் குளிர்காற்று தெற்கே வழிந்து தென்சீனக் கடலைத் தாண்டி வரும். வருகிற வழியில் சூடேறி, ஈரம் குடித்து, கிழக்குக் கரையில் வெள்ளமாகக் கொட்டும். தித்திவாங்சா மலைத்தொடர் தடுப்பதால் நமக்கு மிஞ்சுவது சாம்பல் வானமும் போர்வையும். பாட்டி அங்கே, பேத்தி இங்கே.

பீக்காக் பாஸுக்கு உண்மையான குளிர் என்ன செய்யும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மயாமி பக்கத்துக் கால்வாய்களில் 1984இல் அரசாங்கமே இதைக் கொண்டுவந்து விட்டது, திலாப்பியாவைத் தின்று குறைக்கட்டும் என்று. 2010 ஜனவரியில் ஒரு நீண்ட குளிர் வந்து ஏராளமாக மிதந்தன. தண்ணீர் 16 பாகைக்குக் கீழே போனால் இது தாங்காது. நம் குட்டைகளில் அந்தக் கவலை இல்லை. 27இல் இது சாகாது, சோம்பல்தான் படும்.

ஒரு சின்னக் குறிப்பு. மிதவை முழுகுவதை மட்டும் பார்க்காதீர்கள், மிதவை நடுங்குவதைப் பாருங்கள். பெரிய மீன் பக்கத்தில் வந்ததும் இரைமீன் பதறும். மிதவை முழுகுவதற்கு முன்னால் ஒரு பத்து இருபது நொடி கிடுகிடுவென்று ஆடும். ஆடும்போது இழுத்துவிட்டால் போச்சு.

---

ஷா ஆலம் அக்கா | செவ்வாய் காலை 6:50

என் வீட்டுக்காரர் 20 வருடமாகக் குட்டைக்குப் போகிறார், நான் 20 வருடமாகக் கதவோரம் நிற்கிறேன். அதனால் மீனைத் தவிர மற்றதைச் சொல்கிறேன்.

மழைக்கு அடுத்து ஈயக்குட்டைக் கரை உள்ளுக்குள் கரைந்து, மேலே மட்டும் மண் நிற்கும். மாமா சொன்ன அந்த மூன்றாவது எட்டு, மழைக்கு அப்புறம் முதல் எட்டாகவே இருக்கும். பிள்ளையைக் கூட்டிப்போகிறீர்கள் தம்பி, மிதவைச் சட்டை போடாமல் கரைக்கு விடாதீர்கள். உங்களுக்கும்தான். காலில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் சேற்றில் இறங்கக் கூடாது, எலி மூத்திரக் காய்ச்சல் மழைக்குப் பிறகுதான் அதிகம். போய்வந்து ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் கிளினிக்கில் "குட்டைக்குப் போனேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இடி கேட்டால் ஜோரானைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போங்கள். கார்பன் ஜோரான் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பது இடிதாங்கி வேலை.

சாப்பிடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் பழைய ஈயக்குட்டை மீனைச் சமைப்பதில்லை. அந்த மண்ணில் ஆர்சனிக், காரீயம் போன்றவை இருக்கும், மற்ற மீனைத் தின்னும் பெரிய மீனில் எது சேர்ந்திருக்கும் என்று கண்ணால் தெரியாது. கட்டணக் குளத்தில் பிடித்தால் தாராளமாகச் சமைப்பேன். வெள்ளைச் சதை, முள் குறைவு. மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்தால் பிள்ளைகள் சண்டை போடும்.

---

கம்பார் மாமா | செவ்வாய் காலை 9:10

அக்கா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கம்பாரில் என் கூடப் படித்தவன் ஒருவன் பத்து வயதில் அப்படித்தான் போனான். ஒரு செருப்பு மட்டும் கரையில் இருந்தது.

பாலா, அழுத்தக் கணக்கு பிரமாதம். நாற்பது வருடமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் முழங்கால் வலிக்கிற அன்று மீன் கடிக்காது, அதற்கும் ஒரு கணக்கு போட்டுக் கொடுங்கள்.

---

ரவாங் தூண்டில் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:30

மக்களே, திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்த வாரமும் மழை, செவ்வாய் முதல் வியாழன் வரை. வெள்ளி லேசான வெயில், சனி நல்ல வெயில். இன்று பதினொன்றரைக்குத்தான் வீட்டை விட்டே கிளம்பினோம். மனைவிக்கு ஆச்சரியம், காலைத் தோசையை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மகளுக்கு மிதவைச் சட்டை, எனக்கும் ஒன்று. பார்க்கிறவர்கள் படகு எங்கே என்று கேட்பார்கள், பரவாயில்லை அக்கா.

ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தேன். நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நாலு மீட்டர் தள்ளி மூன்று மீட்டருக்குக் குறையாமல் விழுகிறது. இத்தனை நாள் அந்தப் படிக்கு மேலேயே ஒரு மீட்டரில் இறாலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். வலதுபுறம் முழுகிய செம்பனைக் கட்டை ஒன்று, வேர் மட்டும் மேலே தெரியும். அங்கே போனோம். மகள் ரொட்டி ஊறவைத்துப் பன்னிரண்டு குட்டித் திலாப்பியா அள்ளினாள். மாமா பத்துதான் என்றதால் இரண்டைத் திருப்பி விட்டாள்.

முதல் இரண்டு இரையை நான் கெடுத்தேன். ஒன்றுக்கு எலும்பில் பட்டது, மாமா சொன்ன அதே விறைப்பு. இன்னொன்று எறியும்போது பறந்துபோய்விட்டது. மூன்றாவதை மகள் கேட்டு வாங்கிக் குத்தினாள். சின்னக் கை, அழுத்தாமல் பிடிக்க வருகிறது. எறியவில்லை, கட்டைக்கு மேலே ஜோரானை நீட்டி மெதுவாக இறக்கினாள்.

ஒன்று பத்துக்கு மிதவை ஆடத் தொடங்கியது. பாலா சொன்ன ஆட்டம். முழுகவில்லை, நடுங்குகிறது. என் கை ஜோரானை நோக்கித் தானாகப் போனது. அவள் தோளால் என்னைத் தள்ளிவிட்டு ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு எண்ணும்போது மிதவை இல்லை. அப்புறம் அவள் என்ன செய்தாள், நான் என்ன கத்தினேன், எதுவும் வரிசையாக நினைவில்லை. கட்டைக்குள் ஓடியது, நூல் உராய்ந்த சத்தம் கேட்டது, ஃபுளோரோ தாங்கியது.

1.3 கிலோ. நெற்றியில் மேடு, உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, வாலடியில் தங்க வளையத்துக்குள் கறுப்புப் பொட்டு. "மயில் தோகையில் இருக்கிற கண் மாதிரி" என்றாள். இத்தனை வருடம் பிடித்திருக்கிறேன், பீக்காக் என்று ஏன் பெயர் வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

மூன்று மணிக்குள் இன்னும் இரண்டு, இரண்டும் அதே கட்டையில். அதன்பிறகு மேகம் திரண்டது, முதல் இடிக்கே காருக்குள் போய்விட்டோம். எதிர்க்கரை அங்கிள் இன்றும் இருந்தார். போகும்போது கையை உயர்த்தினார்.

இப்போது ஒரு பிரச்சினை. வாளியில் இரண்டு திலாப்பியா மிஞ்சிவிட்டது. பிடித்த குட்டையிலேயே விட்டுவிடு என்றேன். முள்ளுக்குத் தப்பியதைப் பெரிய மீனுக்கா கொடுப்பது என்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு ரவாங் வரை வந்துவிட்டாள். வீட்டில் இருந்த கப்பி மீன் தொட்டியில் விட்டாள். சாயங்காலத்துக்குள் கப்பிக் குட்டிகளில் பாதியைக் காணோம். ஒன்றுக்குச் சாம்பார், இன்னொன்றுக்கு ரசம் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. இனிமேல் திலாப்பியாவை முள்ளில் குத்தக் கூடாதாம், சாம்பாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுமாம்.

மாமா, வேறு இரை ஏதாவது சொல்லுங்கள்.

---

கம்பார் மாமா | ஞாயிறு இரவு 9:02

நன்னீர் இறால். அதற்குப் பெயர் வைக்க விடாதீர்கள்.